சுவரில் நின்றுபோன சிவப்புக் கோடு

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளியறையில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். நிற்க வேண்டிய இடம்தான் அது. அரசர் உறங்கிய அறை, தாழ்ந்த மரக்கூரை, சுமார் 300 சதுர அடிச் சுவரில் 48 காட்சிகளாக இராமாயணம். தசரதனின் வேள்வியில் தொடங்கி சீதை மீண்டு வருவதுவரை கதை சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுவர் போதாமல் கடைசி ஐந்து காட்சிகள் பக்கத்திலுள்ள படிக்கட்டு அறைக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. ஒரு விரற்கடை இடம்கூடச் சும்மா விடப்படவில்லை. உருவத்தோடு உருவம் ஒட்டி, காவியும் மஞ்சளும் பச்சையும் நெருக்கியடித்து நிற்கின்றன. இராமனும் தம்பியரும் பிறக்கும் காட்சியில் அரசியர் பிள்ளை பெறும் வேதனையைக்கூட மறைக்காமல் வரைந்திருக்கிறார்கள். அரசர் கண்விழித்ததும் பார்க்கிற சுவரில் இது இருந்தது என்பதை நினைத்தால், நம் முன்னோரின் கூச்சம் வேறு வகையானது என்று தோன்றுகிறது.

நான் அதிக நேரம் நின்றது வேறு ஒரு சுவரின் முன். முடிசூட்டு மண்டபத்துக்கு எதிரிலுள்ள அறையில் சிவன், திருமால், தேவி உருவங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று முடிக்கப்படாத படம். வெளிர்ச் சிவப்பில் புறக்கோடு மட்டும் இழுத்திருக்கிறார்கள், வண்ணம் ஏறவில்லை. கூட வந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை. அந்தக் கோட்டை நான் ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

பார்த்த இடம் பள்ளிக்கூடம். எங்கள் டிராயிங் மாஸ்டர் கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார். இடப்பக்கம் ஒரு செம்பின் பாதியை வரைவார்: விளிம்பு, கழுத்து, அங்கிருந்து வயிறு புடைத்து இறங்கி அடிப்பாகத்தில் ஒடுங்கும் ஒரே வளைவு. வலப்பக்கம் காலி. “மீதி உங்களுது” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் என்று ஒரு பாடம் உண்டு, லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகளில். அதற்கான பயிற்சி அது. ஸ்கேல் வைக்கக் கூடாது, காம்பஸ் தொடக் கூடாது. அவருடைய பாதியைக் கண்ணால் அளந்து, மறுபாதியைக் கையால் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் எங்கள் செம்பு ஒரு பக்கம் வீங்கிப்போயிருக்கும். அவர் வந்து, எங்கள் கோட்டை அழிக்காமல் அதன் மேலேயே இன்னொரு கோடு போடுவார். தவறும் திருத்தமும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.

அவர் தனக்கென்று என்ன வரைந்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பள்ளியின் முகப்புச் சுவரில் ஒரு வள்ளுவர் இருந்தார், அது அவர் வரைந்தது. ஆண்டுவிழா நாடகத்துக்கான திரைச்சீலைகள், விளையாட்டு விழாப் பலகை, வகுப்பறைத் தேசப்படங்கள் எல்லாம் அவர் கைவேலை. ஒரு விழாவுக்கு முன் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது வள்ளுவரும் போய்விட்டார். மாஸ்டர் பெயரில் எந்த அருங்காட்சியகத்திலும் ஒரு தாள்கூட இல்லை. அவருடைய வேலையெல்லாம் போய்விட்டது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். மட்டாஞ்சேரியில் அந்த வண்ணமில்லாத சுவரின் முன்தான், ஒரு ஓவிய ஆசிரியரின் வேலையை நாம் தேடுகிற இடமே தவறோ என்ற எண்ணம் வந்தது.

கேரளச் சுவரோவியம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தச் சிவப்புக் கோட்டின் பொருள் விளங்கும். முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு. அது காய்ந்தபின் இளநீர் கலந்த சுண்ணாம்புக் கரைசலை மெல்லியதாக அடித்து, காயவிட்டு, மீண்டும் அடித்து, இருபது முப்பது தடவை இப்படியே போக வேண்டும். படத்தில் நாம் வெள்ளை என்று பார்ப்பது பெரும்பாலும் இந்தச் சுவரின் வெள்ளைதான். அதன்மேல் உருவத்தை மெல்லிதாகக் குறிக்கிறார்கள். பிறகு மஞ்சளில் கோடு, அதை உறுதிசெய்து காவிச் சிவப்பில் கோடு. அதற்குப் பிறகே வண்ணம்: முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் பச்சை. மஞ்சளும் சிவப்பும் மண்ணிலிருந்து கிடைப்பவை. பச்சைக்கு அவுரியின் நீலத்தோடு மஞ்சளைச் சேர்க்கிறார்கள். கருப்புக்கு எண்ணெய் விளக்கின் புகைக்கரி. ஒட்டுப்பசைக்கு வேப்பம்பிசின். தூரிகைகூட ஒரு வகைப் புல்லின் நுனியிலிருந்தும் விலங்கு மயிரிலிருந்தும் செய்வது. வண்ணத்துக்குப் பின் புள்ளிபுள்ளியாக நிழல் கொடுத்து உருவத்துக்குத் திரட்சி ஏற்றுகிறார்கள். கடைசியில் கருங்கோடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்திறப்பு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் எழுதிய ‘சில்பரத்தினம்’ என்ற வடமொழி நூல் இந்த மரபுக்கு இலக்கணம்போல் வழங்கி வருகிறது.

சிவப்புக் கோடு என்பது ஆகவே தொடக்கக் கிறுக்கல் அல்ல. உருவம் தீர்மானமாகிவிட்ட நிலை அது. இடுப்பு எங்கே ஒடிய வேண்டும், கை எந்த முத்திரையில் நிற்க வேண்டும், அணிகலன் எந்த வளைவில் தொங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் முடிந்துவிட்டது. இத்தகைய பெருஞ்சுவர்களில் ஆசானும் சீடர்களும் சேர்ந்து உழைத்தார்கள், உருவத்தை அமைப்பது ஆசானின் பொறுப்பு. முடிந்த படத்தில் அந்தக் கோடு வண்ணத்துக்கு அடியில் போய்விடும், அதன்மேல் வேறொரு கோடு வந்து உட்காரும். முடியாத படத்தில் மட்டும்தான் ஆசானின் கை வெளியே தெரிகிறது. கரும்பலகையில் பாதிச் செம்பை நிறுத்திவிட்டுப் போன மாஸ்டரை எனக்கு நினைவூட்டியது இதுதான்.

அதே அரண்மனையில், சில அடி தள்ளி, முற்றிலும் வேறோர் உலகம் இருக்கிறது. முடிசூட்டு மண்டபத்தில் 1864 முதலான கொச்சி அரசர்களின் உருவப்படங்கள் மாட்டப்பட்டுள்ளன. மேற்கத்திய பாணியில் உள்ளூர் ஓவியர்கள் வரைந்தவை. ஆளுயர உருவம், பட்டின் பளபளப்பு, முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம். போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டி அரசர் வீர கேரள வர்மாவுக்கு அளித்த மாளிகை இது. 1663இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு ஐரோப்பியக் கைகள் பட்டும் கட்டடம் கேரளத்து நாலுகெட்டு வீடாகவே இருந்தது, நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி இருந்தாள், சுவரில் காவியும் பச்சையும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எண்ணெய் வண்ணம் வந்ததும் சுவரோவியக்காரனுக்கு அரண்மனையில் வேலை இல்லாமல் போயிற்று. ஒரு கலை எப்படி ஒதுக்கப்பட்டது என்பதை ஒரே மாடியில் சில எட்டு நடந்து பார்த்துவிடலாம்.

எண்ணெய் வண்ணம் என்றதும் ரவி வர்மா நினைவுக்கு வருகிறார். அவர் கதையில் எனக்கு எப்போதும் உறுத்துவது வேறொரு பெயர். இளம் ரவி வர்மா திருவிதாங்கூர் அரண்மனையில் இருந்தபோது அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ஆசிரியருக்குத் தெரியாமல் வந்து நுணுக்கங்களைக் காட்டிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். பின்னாளில் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை, தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டராகி நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஏறிவிட்டார்கள். ஆறுமுகம் பிள்ளையின் பெயரை யார் சொல்கிறார்கள்? வண்ணத்தை எந்த அளவில் எண்ணெயோடு குழைக்க வேண்டும் என்று இரவு விளக்கில் காட்டிய அந்தத் தமிழரின் கை, திருவனந்தபுரத்துக் கலைக்கூடத்தில் ரவி வர்மா என்ற பெயர்ப்பலகைக்கு அடியில் இருக்கிறது.

அந்தக் கலைக்கூடம் இருக்கும் அதே அருங்காட்சியக வளாகத்தில், 1979இல் திறந்த இன்னொரு கூடம் உண்டு: கே.சி.எஸ். பணிக்கர் கலைக்கூடம். தமிழ் வாசகர்கள் கொச்சிக்குப் போகிறபோது இன்னும் கொஞ்சம் தெற்கே இறங்கி அதையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். கேரள அரசு மரியாதை செய்திருக்கும் இந்த ஓவியர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சென்னையில் கழித்தவர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாத்தியார். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியராகி, 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தார்.

அந்தப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. 1929இல் அதன் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அவர் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். சென்னைக் கடற்கரைக்குப் போகிற எவரும் பார்க்கிற உழைப்பாளர் சிலை, நம் ஊர் ஓவியக் கல்லூரியின் தலைமை ஆசிரியர் செய்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிலைக்கு முன் நின்று படமெடுத்துக்கொள்கிறோம், பஸ் நிறுத்தத்துக்கு அதன் பெயரைச் சொல்கிறோம். ஆசிரியரின் படைப்பு நம் கண்ணெதிரே இருந்தும் தொலைந்துபோவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

ராய் சௌத்ரியின் மாணவரான பணிக்கரிடம் நான் வியப்பது, அவரிடம் படித்தவர்கள் எவரும் அவரைப்போல் வரையவில்லை என்பதே. ஆதிமூலத்தின் கருமைக் கோடு காந்தியின் முதுமையைத் துருவிப் போயிற்று. வாசுதேவ் மரங்களைக் கிளை கிளையாகப் பின்னினார். ஹரிதாசன் தாந்திரிக யந்திரங்களின் வடிவியலுக்குள் இறங்கினார். கே. ராமானுஜம் இந்த உலகத்தோடு ஒட்ட முடியாமல் தவித்து, தன் கனவு நகரங்களை மைக்கோடுகளால் கட்டியெழுப்பி, 1973இல் இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார். இவர்களில் யாருடைய படத்தையும் தூரத்திலிருந்து பார்த்து “இது பணிக்கர் பள்ளி” என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை பிடிபடும்: எல்லாரும் கோட்டை நம்புகிறார்கள். வண்ணத்தின் அப்பலில் உருவத்தைக் கண்டெடுப்பதில்லை, கோட்டால் அதை நிறுத்துகிறார்கள். மட்டாஞ்சேரிச் சுவரின் தர்மமும் அதுதான். பணிக்கர் இந்தச் சுவரைக் காட்டிப் பாடம் நடத்தினார் என்று நான் சொல்ல வரவில்லை. தெற்கின் சிலையும் சுவரும் கோலமும் ஓலைச்சுவடியும் கோட்டில் பிழைப்பவை, அந்தச் செல்வத்தை விட்டுவிட்டு ஐரோப்பாவின் நிழலில் நிற்க வேண்டாம் என்பது அவர் தன் மாணவர்களுக்குக் கொடுத்த துணிவு என்கிறேன்.

அவர் கற்பித்தது போலவே கற்றுக்கொண்டும் இருந்தார். 1963 அளவில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் வடிவக்கணித உருவங்களும் அடைந்து கிடந்த அந்தப் பக்கத்திலிருந்துதான் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய பேர்பெற்ற வரிசை முளைத்தது. அந்தப் படங்களில் சாதகக் கட்டங்கள், மீன், பறவை, பாம்பு, படிக்க முயன்றால் நழுவிப்போகும் மலையாள எழுத்துகள் எல்லாம் சுவடியின் நெருக்கத்தில் கூடியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு முதல்வர், யாரோ ஒரு பையனின் நோட்டைப் பார்த்து, தன் ஓவிய வாழ்க்கையையே திருப்பிப்போட்டுக்கொண்டார். ஆசிரியர் பணியைக் கலைஞனின் நேரத்தைத் தின்னும் சுமை என்று பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

1966இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணிகளும் தோல், உலோகக் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணம் அதன் அடித்தளம். இன்று அங்கே உள்ள சென்னை இயக்க அருங்காட்சியகத்தில் ஆசிரியரும் மாணவர்களும் பக்கத்துப் பக்கத்துச் சுவர்களில் இருக்கிறார்கள். நான் விரும்பும் அருங்காட்சியக முறை இதுவே. பிற இடங்களில் படத்தின் கீழ் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு என்று நான்கு செய்திகள் போடுகிறோம். யாரிடம் கற்றார் என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? கச்சேரி அழைப்பிதழில் குருவின் பெயர் இல்லாமல் இருக்குமா? நாதஸ்வரக்காரருக்கு இன்னாரின் சீடர் என்பதே முதல் விலாசம். ஓவியத்துக்கு மட்டும் ஏன் இந்த மறதி என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஒரு மரபு இற்றுப்போகும் நிலையிலிருந்து ஆசிரியர்களால்தான் மீளும் என்பதற்குக் குருவாயூர் சாட்சி. 1970 நவம்பர் இறுதியில் கோயிலில் தீப்பிடித்து, கருவறையைச் சுற்றியிருந்த சுவரோவியங்கள் அழிந்தன. திரும்ப வரைய வேண்டும் என்றபோது அந்த வேலை தெரிந்த கைகள் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன. அவர்களில் ஒருவர் மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர். சுவர்களை மீண்டும் எழுப்பியதோடு நிற்காமல், 1989இல் தேவஸ்வம் தொடங்கிய சுவரோவியப் பயிற்சி நிலையத்தின் தலைமை ஆசிரியரானார். முதலில் மஞ்சள் கோடு, பிறகு சிவப்புக் கோடு என்ற அந்த வரிசை அறுந்துபோகாமல் ஒரு வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. இன்று கேரளத்துச் சேலை முந்தானையில்கூட அந்தக் கண்களைப் பார்க்கிறோம்.

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் படகில் திரும்பும்போது நான் ஓவியர் டி.கே. பத்மினியை நினைத்துக்கொண்டே வந்தேன். கேரள லலித கலா அகாதெமியின் சேகரிப்பில் அவர் படைப்புகள் இருக்கின்றன. 1940இல் பொன்னானியை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். அவரிடம் திறமை இருப்பதை முதலில் கண்டுகொண்டவர் பள்ளியின் ஓவிய ஆசிரியர். பிறகு ஓவியர் நம்பூதிரியிடம் பயிற்சி. மாத்ருபூமி வார இதழின் கோட்டோவியங்களால் மலையாளிகளின் மனத்தில் நிலைத்த அந்த நம்பூதிரியும் சென்னை ஓவியப் பள்ளியின் பிள்ளைதான். 1961இல் பத்மினியும் அதே பள்ளிக்கு வந்து பணிக்கரிடம் படித்தார். படிப்பு முடிந்ததும் சென்னையிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார். 1968இல் சக ஓவியர் கே. தாமோதரனை மணந்தார். 1969 மே மாதம் பிரசவத்தில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. எண்ணெய் வண்ணங்களும் கோட்டோவியங்களுமாக இருநூறுக்கு மேல் விட்டுச்சென்றார்.

அவர் வரைந்த பெண்கள் மண்ணின் நிறத்திலும் வயலின் பச்சையிலும் இருப்பவர்கள். அகன்ற முகம், கனத்த உடல், எவரையும் மகிழ்விக்கும் அக்கறையில்லாத கண்கள். ரவி வர்மாவின் பட்டுச் சேலைகளை இந்தப் பெண்கள் உடுத்தவில்லை. ‘பட்டம் பறத்துன்ன பெண்குட்டி’ என்று ஒரு படம், பட்டம் விடும் சிறுமி. பள்ளிப் பிள்ளைகளோடு பொழுதைக் கழித்த ஒருவர் வரைந்தது என்று தெரிந்தபின் அந்தப் படம் எனக்கு வேறாகிவிட்டது. மட்டாஞ்சேரிப் பள்ளியறைச் சுவரில் அரசியர் பிள்ளை பெறும் அந்தக் காட்சியும் அவர் முடிவோடு சேர்ந்துகொண்டு மனத்தை அழுத்தியது.

பத்மினியின் பெயரை இன்று கேரளம் அறியும், அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்துவிட்டது. சென்னையில் அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயதிருக்கும். வாரத்துக்கு ஓரிரு பீரியட் வந்துபோன, மலையாளம் கலந்த தமிழ் பேசியிருக்கக்கூடிய ஓர் இளம் டீச்சரை அவர்களில் சிலருக்கேனும் நினைவிருக்கலாம். அவர்களில் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியின் அடியில், மஞ்சளேறிப்போன ஒரு டிராயிங் நோட் கிடக்கக்கூடும். அதில் கோணலாய்ப் போன ஒரு குழந்தைக் கோட்டின் மேல், அதை அழிக்காமல், இன்னொரு கை இழுத்த கோடு ஒன்று இருந்தால், அதையும் பத்மினியின் படைப்புகளோடு சேர்த்து எண்ண வேண்டும்.